கலைந்த குழுவும் நிலைத்த குழுவும்

1969ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற இசைக்குழுவாகிய ஈசிபீட்ஸ் தன் கடைசி நிகழ்ச்சியை நடத்திவிட்டுக் கலைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பினாங்குத் தீவில் அலிகேட்ஸ் என்னும் இளைஞர் குழு உருவாகிக்கொண்டிருந்தது. முன்னதன் உறுப்பினர் ஐவரும் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவிற்குக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். பின்னதனை முன்னின்று நடத்தியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள். முன்னது உலகப் புகழ் பெற்றும் ஐந்தாண்டுகளே வாழ்ந்தது. பின்னது நாற்பது ஆண்டுகளைக் கடந்து மேடையேறியது.

இசைக்குழுவின் எழுச்சி பெரும்பாலும் இளமையின் வேகத்தால் நிகழ்கிறது. அக்குழு நிலைப்பதையும் கலைவதையும் தீர்மானிப்பவை வேறு. பிழைப்புக்கு இடமளிக்கும் ஊர், பாடுதற்குரிய மொழி, பாடலை ஆக்குவோர்க்கும் பாடுவோர்க்கும் இடையிலான உறவு என்னும் மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. அலிகேட்ஸ் குழுவின் வரலாற்றை ஈசிபீட்ஸ் குழுவின் வரலாற்றோடு ஒப்பவைத்து நோக்கின் இவ்வுண்மை புலனாகும். பினாங்குத் தமிழரின் வரலாற்றில் இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு பக்கமும் அதனால் வெளிச்சம் பெறும்.

துறைமுக நகரின் இசைமரபு

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய நாள் முதல் அத்தீவு வரியில்லாத் துறைமுகமாக வளர்ந்தது. கப்பல்கள் பல்வேறு நாட்டுப் பொருள்களைக் கொண்டுவந்தன. அப்பொருள்களோடு பல்வேறு நாட்டு இசையும் வந்திறங்கியது. சூலியா தெருவிலும் பினாங்குத் தெருவிலும் வணிகம் செய்த தமிழர்கள், குவீன் தெருவின் மாரியம்மன் கோவிலில் நாதசுரத்தையும் தவிலையும் ஒலிக்கச் செய்தனர். இந்திய முஸ்லிம்களின் முகரம் கொண்டாட்டங்களோடு தொடர்புடைய போரியா என்னும் பாட்டுக்கூத்து பினாங்கின் தனிச்சிறப்பாக மலர்ந்தது. 1880களில் மாமாக் பூசி என்பாரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பங்சாவான் நாடகக்குழு, மலாய் மொழியில் நாடகம் நடத்தி ஊர் ஊராகச் சென்றது. இந்தியத் தொடர்புடைய கலைஞர்கள் மலாய் மொழியில் பாடிப் புகழ்பெறுவது பினாங்கிற்குப் புதிதன்று என்பதை இச்செய்தி உணர்த்தும்.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபு மேலும் செழித்தது. மலாய்த் திரையுலகின் ஒப்பற்ற கலைஞராகிய பி. ரம்லி 1929ஆம் ஆண்டில் பினாங்கில் பிறந்தார். ஜாஸ் இசையில் மலாய் மெட்டுகளை இணைத்த ஜிம்மி பாயில் பினாங்கைச் சேர்ந்தவரே. நியூ வேர்ல்டு, கிரேட் வேர்ல்டு ஆகிய கேளிக்கைப் பூங்காக்கள், ரெடிபியூஷன் கம்பிவழி ஒலிபரப்பு, கடற்கரை விடுதிகள் ஆகியன இளங்கலைஞர்களுக்குக் கேள்வியறிவையும் மேடையையும் ஒருசேர வழங்கின.

இவற்றோடு ஆஸ்திரேலியத் தொடர்பு ஒன்றும் உண்டு. 1950களின் இறுதியிலிருந்து 1988 வரை பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்பில் இருந்தது. வீரர்களின் குடும்பங்கள் பல, கடலைத் தாண்டிப் பினாங்குத் தீவிலேயே குடியிருந்தன. அவர்களின் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளியும், அவர்களுக்கென்று தனி வானொலியும் இயங்கின. சிட்னியிலும் மெல்போர்னிலும் இளைஞர் கேட்ட பாடல்களைப் பினாங்கு இளைஞரும் கேட்பதற்கு இவ்வாறு ஒரு வாயில் திறந்தது.

கித்தார்க் குழுக்களின் காலம்

1961ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டு, ஷேடோஸ் குழுவினரோடு சிங்கப்பூருக்கு வந்து பாடினார். அதன்பின் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மின்கித்தார்க் குழுக்கள் பெருகின. மூவர் கித்தார் மீட்ட, ஒருவர் தாளம் தட்ட, ஒருவர் முன்நின்று பாட, ஒரு குழு அமைந்துவிட்டது. முன்னைய நடன இசைக்குழுக்களுக்குப் பத்துப் பதினைந்து பேர் தேவைப்பட்டனர். இசைக்குறிப்புகளைப் படிக்கத் தெரிந்தவராகவும் அவர்கள் இருத்தல் வேண்டும். கித்தார்க் குழுவிற்கோ நான்கைந்து நண்பர்களும், கேட்டுப் பழகிய செவியும், கடனாகவேனும் பெற்ற ஓர் ஒலிபெருக்கியும் போதுமாயின. எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் மேடையேற வழி பிறந்ததற்கு இதுவே காரணம்.

பீட்டில்ஸ் குழுவின் பாடல்களில் ஒலித்த 'யே யே' என்னும் ஒலியைக் கொண்டு மலாய்மொழிக் கித்தார்ப் பாடல்களுக்குப் 'பாப் யே யே' என்னும் பெயர் ஏற்பட்டது. எம். ஒஸ்மான் 1964இல் பாடிய 'சுசானா' இவ்வகைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஆங்கிலத்தில் பாடிய குழுக்களுள் சிங்கப்பூரின் குவெஸ்ட்ஸ் தலையாயது. பள்ளி மாணவர்கள் 1961இல் தொடங்கிய அக்குழுவின் 'ஷாண்டி' என்னும் இசைத்தட்டு, 1964இல் உள்ளூர் விற்பனைப் பட்டியலில் பீட்டில்ஸ் பாடலையே பின்னுக்குத் தள்ளியது.

ஆயினும் 1970ஆம் ஆண்டிற்குள் குவெஸ்ட்ஸ் கலைந்தது. அப்பெருங்குழுவாகிய பீட்டில்ஸ் கலைந்ததும் அவ்வாண்டிலேயே. இவ்வட்டாரத்தின் குழுக்கள் பல அக்காலத்தை ஒட்டியே மறைந்தன. இதற்குக் காரணங்கள் பல. 1968இல் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. படைவீரர் மன்றங்களை நம்பியிருந்த குழுக்கள் தம் அவையோரை இழக்கும் நிலை தோன்றியது. மேலைப் பாணி இளைஞர் கேளிக்கைகளை அரசுகள் ஐயத்தோடு நோக்கின. எல்லாவற்றுக்கும் மேலாக, பதினெட்டு வயதில் கித்தார் ஏந்தியவர்கள் இருபத்தைந்து வயதில் குடும்பப் பொறுப்பை ஏந்த வேண்டியிருந்தது. மாத ஊதியமில்லா வாழ்க்கையை மணமான பின்னரும் தொடர்வதற்குத் துணிந்தவர் சிலரே.

ஈசிபீட்ஸ்: எழுச்சியும் பிரிவும்

இப்பின்னணியில் ஈசிபீட்ஸ் குழுவின் கதை நோக்கத்தக்கது. சிட்னி நகரின் வில்லவுட் பகுதியில் குடியேறிகளுக்கென அமைக்கப்பட்டிருந்த அரசு விடுதி ஒன்றே அக்குழுவின் தொட்டிலாயிற்று. ஹாரி வாண்டாவும் டிக் டயமண்டும் ஹாலந்திலிருந்து வந்தவர்கள். ஜார்ஜ் யங் ஸ்காட்லாந்துக்காரர். ஸ்டீவி ரைட், ஸ்னோவி ஃபிளீட் இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். புதிய நாட்டில் வேரூன்றாத நிலையில் இசையே அவர்களைப் பிணைத்தது. முன்னொரு காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் பலர் பினாங்கையடுத்த ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டதை அறிந்தோர்க்கு, குடியேறியோர் விடுதியின் வாழ்க்கையை உணர்வது கடினமன்று.

1964இல் தோன்றிய குழு 1965இல் ஆஸ்திரேலியா முழுவதும் பெயர் பெற்றது. 1966இல் இலண்டனுக்குச் சென்றது. அவ்வாண்டிலேயே 'ஃபிரைடே ஆன் மை மைண்ட்' என்னும் பாடல் பல நாடுகளில் வெற்றி கண்டது. வாரம் முழுதும் உழைக்கும் இளைஞன் ஒருவன் வெள்ளிக்கிழமை மாலையை எதிர்நோக்கியிருக்கும் ஏக்கமே அதன் பொருள். கித்தார் ஏந்திய குடியேறிகளின் பிள்ளைகள் உழைப்பாளியின் உள்ளத்தைப் பாடினர் என்பதில் வியப்பில்லை.

அவ்வெற்றியே பிரிவிற்கும் வித்திட்டது. அதற்கு நிகரான அடுத்த வெற்றியை அவர்களால் பெற இயலவில்லை. குடும்பத்தைப் பிரிந்திருக்க இயலாத ஸ்னோவி ஃபிளீட் 1967இல் விலகினார். தொடக்கத்தில் ஜார்ஜ் யங்கும் ஸ்டீவி ரைட்டும் இணைந்து பாடல்களை இயற்றினர். இலண்டனில் அப்பணி யங், வாண்டா இருவரின் கைக்கு மாறியது. முன்நின்று பாடிய ரைட் ஆக்கப்பணியிலிருந்து மெல்ல விலக நேர்ந்தது. பாடுவோர் ஒருபுறமும் ஆக்குவோர் மறுபுறமுமாகக் குழு உள்ளேயே பிளவுபட்டது. 1969இல் தாய்நாடாக்கிக்கொண்ட ஆஸ்திரேலியாவிற்கு ஒரு சுற்றுப்பயணம் வந்து, அதன் முடிவில் கலைந்தது.

குழு விட்டுச்சென்ற கடனை அடைக்க வாண்டாவும் யங்கும் இலண்டனில் சில ஆண்டுகள் உழைத்தனர். 1973இல் சிட்னி திரும்பினர். ஜார்ஜ் யங்கின் தம்பியர் மால்கமும் ஆங்கஸும் அவ்வாண்டில் தொடங்கிய ஏசி டிசி என்னும் குழுவிற்கு அவ்விருவரும் பதிவுப் பொறுப்பேற்று வழிகாட்டினர். தமையன் கண்ட இழப்பு தம்பியருக்குப் பாடமாயிற்று.

அலிகேட்ஸ்: பயணமும் மொழிமாற்றமும்

பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள் மேடையேறிய காலம் அத்தீவிற்குச் சோதனையான காலம். 1960களின் இறுதியில் பினாங்கு தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வணிகம் தளர்ந்தது, இளைஞரிடையே வேலையின்மை பெருகியது. 1969 மே மாதத்தில் நாட்டில் இனக்கலவரம் மூண்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பாயான் லெப்பாசில் தடையற்ற தொழில் வட்டாரம் 1972இல் அமைந்த பின்னரே மின்னணுத் தொழிற்சாலைகள் வாயிலாக வேலைவாய்ப்பு மீண்டும் பெருகத் தொடங்கியது. இத்தகைய சூழலில் இசையையே தொழிலாகக் கொள்வது எளிய முடிவன்று.

அலிகேட்ஸ் என்னும் ஆங்கிலப் பெயருக்குச் சந்துகளில் திரியும் பூனைகள் என்று பொருள். ஐந்தடிகளும் சந்துகளும் நிறைந்த ஜோர்ஜ் டவுனில் தோன்றிய குழுவிற்கு அப்பெயர் பொருந்துவதே. தொடக்கத்தில் அவர்களும் மற்றக் குழுக்களைப் போன்று ஆங்கிலப் பாடல்களையே பாடினர். 1970களில் அவர்கள் ஹாங்காங்கிற்குச் சென்று அந்நகரின் இரவு விடுதிகளில் பாடினர். இரவு விடுதியில் பாடும் குழு, நாள்தோறும் பல மணிநேரம், வெவ்வேறு நாட்டவர் விரும்பும் பாடல்களைத் தவறின்றி வழங்க வேண்டும். கேட்போர் உண்பர், உரையாடுவர், நடனமாடுவர். அவர்களின் கவனத்தை ஈர்த்தால்தான் ஒப்பந்தம் நீளும். இத்தகைய நாளாந்த உழைப்பு குழுவினரின் குரலிசைவைக் கூர்மையாக்கியது. சுருள்முடியைப் பெரிய வட்டமாக வளர்த்த டேவிட்டின் தோற்றமும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைத் தழுவிய பாணியும் குழுவிற்குத் தனி அடையாளமாயின.

ஈசிபீட்ஸ் இலண்டனுக்குச் சென்றதையும் அலிகேட்ஸ் ஹாங்காங்கிற்குச் சென்றதையும் ஒப்பிடலாம். முன்னவர் உலகின் இசைத்தலைநகரை வெல்லச் சென்றனர். வெற்றியைத் தொடர இயலாதபோது சோர்ந்தனர். பின்னவர் நாள்தோறும் மேடையேறும் பிழைப்பைத் தேடிச் சென்றனர். தொழில் கற்றுத் திரும்பினர். இரு பயணங்களின் நோக்கமும் வேறு, விளைவும் வேறு.

அடுத்து நிகழ்ந்ததே அலிகேட்ஸ் வரலாற்றின் திருப்புமுனை. 1979இல் அவர்களின் 'தெரிமா காசே' என்னும் மலாய்மொழி இசைத்தொகுப்பு வெளிவந்தது. நன்றி என்பது அதன் பொருள். பாலிகிராம் நிறுவனத்தின் வழியாகத் தொடர்ந்து வெளிவந்த இசைத்தட்டுகள் அவர்களை நாடறிந்த பாடகர்களாக்கின. 'ஹிங்கா அக்கிர் நந்தி', 'சம்பைக்கான் சாலாம் சிந்தாக்கு', 'செக்குந்தும் மாவார் மேரா செபுவா புய்சி', 'செனியும்லா கோலாலம்பூர்' முதலிய பாடல்கள் மலேசிய மக்களின் பொதுச் சொத்தாயின. திருமண விருந்துகளிலும் பேருந்துகளிலும் வானொலியிலும் அவை தலைமுறைகளைக் கடந்து ஒலித்தன.

இவ்வெற்றியில் இருவரின் பங்கு குறிப்பிடத்தக்கது. ஒருவர் 1957இல் சிங்கப்பூரில் பிறந்த இசையமைப்பாளர் எம். நாசிர். மற்றவர் பாடலாசிரியர் எஸ். அமின் சஹாப். மலாய்க் கவிதையின் நயமறிந்த இவ்விருவரும் அலிகேட்ஸ் குழுவிற்குப் பல பாடல்களை ஆக்கி அளித்தனர். இங்கே ஈசிபீட்ஸ் குழுவிலிருந்து அலிகேட்ஸ் வேறுபடும் இடம் தெளிவாகிறது. ஈசிபீட்ஸ் தன் பாடல்களைத் தானே ஆக்கியது. ஆக்கும் உரிமை யாருடையது என்பதிலேயே அதன் உறவு தளர்ந்தது. அலிகேட்ஸ் பாடலாக்கத்தில் வெளியார் கொடையை விருப்போடு ஏற்றது. ஆதலால் அப்போட்டிக்கு அங்கே பெரிதும் இடமில்லாமற் போயிற்று. பாட்டெழுதுவோர், மெட்டமைப்போர், பாடுவோர் என்னும் பிரிவு தமிழ்த் திரையிசைக்கும் உரிய நெறியே.

அதே வேளையில் இந்நெறிக்கு ஒரு விலையும் உண்டு. பாடலை ஆக்கியவரே அதன் உரிமைத் தொகையைக் காலமெல்லாம் பெறத்தக்கவர். பாடுவோரின் வருவாயோ பெரும்பாலும் மேடையைச் சார்ந்தது. எனவே பாடிப் புகழ்பெற்றோர் முதுமையிலும் பாடிக்கொண்டேயிருக்க வேண்டியவராகின்றனர். நாற்பதாண்டு மேடை வாழ்க்கையைப் போற்றுவோர் அதன்பின் உள்ள உழைப்பையும் நினைத்தல் வேண்டும்.

உடன்பிறப்பும் கலையும்

குழு நிலைப்பதற்கு உடன்பிறப்பு மட்டுமே போதுமான காரணம் ஆகுமா என்னும் வினா எழலாம். தமிழிசை மரபில் உடன்பிறந்தோர் இணைந்து இசைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். நாதசுரக் கலையில் திருவீழிமிழலைச் சகோதரர்கள் இதற்குச் சான்றாவர். உடன்பிறவாதோர் இணைந்த கூட்டணிகளும் சிறந்துள்ளன; அவை பிரிந்ததும் உண்டு. தமிழ்த் திரையிசையில் ஈடிணையற்று விளங்கிய விசுவநாதன், இராமமூர்த்தி இரட்டையர் 1965இல் பிரிந்தனர். எனினும் குருதி உறவு மட்டும் ஒரு குழுவைக் காத்துவிடும் என்று கூறுவதற்கில்லை. உடன்பிறந்தோர் பூசலால் கலைந்த குழுக்களும் உலகில் உண்டு. உறவோடு தொழில் ஒழுங்கும், பிறர் கொடையை ஏற்கும் பண்பும் சேர்ந்தபோதுதான் அலிகேட்ஸ் நிலைத்தது எனலாம்.

2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். ஈசிபீட்ஸ் குழுவைப் பிரித்தவை கடனும் மனவேறுபாடும். அலிகேட்ஸ் சகோதரர்களைப் பிரித்தது இறப்பு. பின்னாளில் டத்தோ என்னும் சிறப்புப் பெயர் பெற்ற டேவிட், தம்பியின் மறைவுக்குப் பின்னரும் குழுவை நடத்தினார். இருவர் குரலில் மக்கள் கேட்டுப் பழகிய பாடல்களை ஒருவர் தொடர்ந்து பாடுவது எத்தகைய சுமை என்பதை எளிதில் அளந்துரைக்க இயலாது.

மொழியும் உரிமையும்

தமிழ்ச் சகோதரர்களின் புகழ் தமிழ்ப் பாடலால் வராமல் மலாய்ப் பாடலால் வந்தமை குறித்து இருவேறு கருத்துகள் எழக்கூடும். தாய்மொழியை விட்டுப் பிறமொழியில் பெற்ற புகழைத் தமிழர் புகழாகக் கொள்ளலாமா என்பது ஒரு கருத்து. அவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மலேசியாவில் தமிழில் பாடிய குழுக்கள் சிறிய சந்தையை நம்பியிருந்தன. தமிழ்நாட்டுத் திரைப்பாடல்களின் பெருவெள்ளத்தில் உள்ளூர்த் தமிழ்ப் பாடல் தனித்து நிற்பது அரிதாயிருந்தது. அந்நிலையில் திறமை மிக்கோர் பிறமொழியை நாடியது தனிமனிதர் குற்றமன்று. அது சமுதாயத்தின் நிலையைக் காட்டும் அடையாளம்.

மற்றொரு நிலையிலும் இதனை எண்ணிப் பார்க்கலாம். 1967ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டமும், 1971இல் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடும் நாட்டின் கலைக்கு மலாய் மொழியை அடித்தளமாக வைத்தன. அதன்பின், ஆறுமுகம் என்னும் தந்தையின் பெயரை மாற்றாமலும் மறைக்காமலும் இரு சகோதரர்கள் மலாய் மக்களின் உள்ளத்தில் இடம்பெற்றனர். தேசியப் பண்பாடு என்பது ஓரினத்தார் மட்டுமே ஆக்கும் பொருளன்று என்பதை வாதத்தால் நிறுவுவது கடினம். அவர்களோ அதனைப் பாடிக் காட்டினர்.

இரண்டு கருத்துகளிலும் உண்மையுண்டு. பிறமொழியில் பெற்ற வெற்றி நாட்டிற்குக் கிடைத்த ஆக்கம்; தமிழ்ப்பாடலுக்கு மேடையும் சந்தையும் அமையாதது சமுதாயத்திற்கு நேர்ந்த இழப்பு. ஆக்கத்தைப் போற்றுவதால் இழப்பை மறக்க வேண்டுவதில்லை. இழப்பை எண்ணி ஆக்கத்தை மறுக்கவும் வேண்டுவதில்லை.

பதிவு செய்யும் கடமை

ஈசிபீட்ஸ் ஐந்தாண்டே வாழ்ந்தும், அதன் வரலாறு ஆஸ்திரேலியாவில் நூல்களாகவும் திரைக்காட்சிகளாகவும் பதிவாகியுள்ளது. மலேசியத் தமிழரின் வரலாறோ பெரும்பாலும் தோட்டம், தொழிற்சங்கம், பள்ளி, கோவில் என்னும் எல்லைக்குள் எழுதப்பட்டு வருகிறது. அவை யாவும் இன்றியமையாதன. ஆயினும் மாலை நேரத்தில் தமிழிளைஞர் எவ்வாறு பாடினர், எந்த மேடையில் ஏறினர், எதனால் இறங்கினர் என்பனவும் வரலாறே ஆகும். 1960களில் கித்தார் ஏந்திக் கலைந்துபோன தமிழிளைஞர் குழுக்கள் பல, இசைத்தட்டு வெளியிடாத ஒரே காரணத்தால் பெயரின்றி மறையும் நிலையில் உள்ளன.

தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு இது நல்லதொரு களப்பணியாகும். தம் ஊரில் வாழும் முதிய இசைக்கலைஞர்களை மாணவர் நாடிச்சென்று, அவர்கள் பாடிய இடம், கருவி வாங்கிய வழி, ஓரிரவு நிகழ்ச்சிக்குப் பெற்ற ஊதியம், குழு பிரிந்த காரணம் ஆகியவற்றைக் கேட்டு எழுதலாம். பழைய நிழற்படங்களையும் அழைப்பிதழ்களையும் படியெடுத்துப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். ஆசிரியர் வழிகாட்டினால் ஒரு பள்ளித் தவணைக்குள் முடியக்கூடிய பணி இது. அக்கலைஞர்களுட் பலர் எழுபது வயதைக் கடந்துவிட்டனர் என்பதை மட்டும் மறத்தலாகாது.